அடுத்தவர் வீட்டுப் பெட்டி

பாலக்கரை, திருச்சி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நலம், அங்கே மஸ்கட்டில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். அத்தாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இத்தனை நாளும் "நல்லா இருக்கோம்" என்று உன்னிடம் வாய்ப்பேச்சுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு மனதார எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், அதிலும் வேலையை விட்டுவிட்டு மொத்தமாக ஊருக்கு வந்துவிடப் போகிறேன் என்று ஆரம்பித்ததிலிருந்து என்னை வாய் திறக்கவே விடுவதில்லை. கடிதத்தை நடுவில் மறித்துப் பேச முடியாது பார். லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதன் நசுருதீன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்த பிறகு ராஜினாமா கொடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

அத்தாவின் வலது கைக்குப் பயிற்சி கொடுக்க இருதயமேரி என்றொரு பெண் வீட்டுக்கு வருகிறாள் என்று சொன்னேன் அல்லவா. அவள் கொடுத்த ரப்பர் பந்தை அத்தா ஒரு நாள் அமுக்குவார், மறுநாள் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நம் கடையில் நாள் முழுக்க நின்று குழாயும் வால்வும் விற்ற மனுஷருக்குப் பந்து அமுக்குவது கூச்சமாக இருந்திருக்கும். அந்தப் பெண் சளைக்கவில்லை, என் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஓர் ஆட்டுக்குட்டி மாடிக்கு மாடி ஓடுகிறது, கட்டைவிரலால் மேலே தள்ளினால் தாவும், தள்ளாவிட்டால் சாக்கடையில் விழும், அவ்வளவுதான். முதல் நாள் குட்டி விழுந்துகொண்டே இருந்தது, அத்தா "சே" என்றார். தண்ணி, வேணாம் என்ற இரண்டைத் தவிர வேறு சொல் வராதிருந்த வாயிலிருந்து அந்தச் சே வந்தது எனக்குத் தேனாக இருந்தது. ஆனால் குட்டி விழுந்தால் போதும், நகைக்கடன் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எரிச்சலில் நான் போனைத் தூக்கிப் போட்டுவிடப் பார்த்தேன். இருதயமேரிதான் சொன்னாள், "ஒருத்தர் ரெண்டு பேரு வீட்லயே உக்காந்து செய்ற சின்ன கேம் நெறைய இருக்கும்மா, விளம்பரமே வராது, தேடிப் பாருங்க" என்று.

தேடினேன். தேடினேன் என்றால் என்ன, மூழ்கிவிட்டேன், நீ சிரிக்காதே. மழைக்குள் டீக்கடை நடத்துகிற ஒன்று, தபாலைப் பூனைகள் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒன்று, இப்படி எத்தனையோ. ஒன்றை ஒரு பெண் தனியாளாகச் செய்திருக்கிறாள், படமும் இசையும் கதையும் அவளே. ஹோட்டல் சாப்பாட்டிற்கும் வீட்டில் ஆக்கியதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிகிறது. கடைசியில் பழைய காலத்து மாதிரி ஒன்று கிடைத்தது, நீ பள்ளிக்கூட நாளில் டி.வி.யில் சொருகி விளையாடுவாயே, அந்தச் சதுரம் சதுரமான படங்கள். ஊர் ஆறு வற்றிவிட்டது, காரணம் கண்டுபிடிக்க வாளோடு ஒருவர் கிளம்புகிறார், வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்கிறார்கள். ஆளுக்குப் பெயர் வை என்று கேட்டது, நான் நஜ்மு என்று என் பெயரையே வைத்தேன், அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கைப்பையில் ஒளித்துவைத்துவிட்டு, "என்னங்க, எழுத்து பொடிசா இருக்கு, என்ன போட்டிருக்கு சொல்லுங்க" என்று கேட்பேன். தினமும் ஆங்கிலப் பேப்பர் படித்தவராயிற்றே, திணறித் திணறி ஒரு சொல், இரண்டு சொல் வாசிப்பார். என் தந்திரம் அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? தெரிந்துதான் வாசித்தார்.

போன வாரம் நடந்ததுதான் சங்கதி. பேச்சுப் பயிற்சிக்காக ஸ்ரீரங்கத்தில் கனிஷ்கா என்ற பெண்ணிடம் அழைத்துப் போகிறேன். அன்றைக்கு நாங்கள் போன ஆட்டோ காவிரிப் பாலத்தில் நெரிசலில் மாட்டித் தாமதமாகிவிட்டது, எங்கள் முறை போய்விட்டது, கூடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தோம். கதையில் ஒரு வீடு, ஆள் யாரும் இல்லை, மூலையில் ஒரு பெட்டி. நான் நேரே போய்ப் பெட்டியில் கை வைத்தேன். பக்கத்திலிருந்து ஒரு சத்தம், "யாரு... யாரு வீட்டுப் பெட்டி அது? கேக்காம... கேக்காம எதுக்கு தொறக்குற?" கூடமே திரும்பிப் பார்த்தது. உன் அத்தாதான் ஜமீல். அங்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிற பீமராவ் என்ற பெரியவர் எட்டிப் போனைப் பார்த்துவிட்டு, "சார் சொல்றது நியாயம்தானேம்மா, கேட்டுட்டு எடுக்கலாமில்ல" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். கனிஷ்கா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கோவத்துல வர்ற பேச்சு தன்னால வந்துரும்மா, அத வச்சு எல்லாம் சரியாயிட்டுன்னு சொல்ல மாட்டேன், ஆனா வழி அடைபடல, அது நிச்சயம்" என்றாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இனிக்க இனிக்கப் பொய் சொல்ல மாட்டாள்.

இப்போது கதை நகராமல் நிற்கிறது. மேலே போகச் சாவி வேண்டும், சாவி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம், இந்த மாதிரி விளையாட்டுகளில் யார் வீட்டிலும் நுழைந்து எதையும் எடுத்துக்கொள்வது வழக்கமாம், இருதயமேரி சொன்னாள். அத்தா விடவே மாட்டேன் என்கிறார். கதைதானேங்க என்றால், "கதைன்னா... திருடலாமா?" என்கிறார். வீட்டுக்காரர் வரட்டும் என்று தினமும் அந்த வாசலில் என்னை நிறுத்திவைக்கிறார், யாரும் வரப்போவதில்லை என்று நான் வாதாடுகிறேன், அவர் மறுக்கிறார், ஒவ்வொரு மறுப்பிலும் ஒரு புதுச் சொல். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சண்டை போட்ட மனுஷர் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். ஆறு வற்றினால் வற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், சட்டைப் பொத்தான் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன், அசதி வந்தால் பேச்சு குழறிவிடுகிறது, முழுதாகத் தேற எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தேறுகிறார். கடையை நம் வேலையாள் பரக்கத் அலி ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறான், அத்தா வைத்த இடத்திலிருந்து ஒரு வாஷரைக்கூட நகர்த்தவில்லை. அத்தா விழுந்த அன்று நீ பக்கத்தில் இல்லை என்பதுதான் உன் நெஞ்சை அறுக்கிறது, எனக்குத் தெரியாதா. பக்கத்து அறையில் இருந்த எனக்கே தெரியாமல்தான் விழுந்தார், நான் யாரிடம் ராஜினாமா கொடுப்பது? லிஃப்ட் வேலையில் இத்தனை வருஷம் கிரீஸில் புரண்டு இப்போதுதான் ஒரு குழுவுக்கு உன்னைத் தலைமையாக்கியிருக்கிறார்கள். அதை உதறிவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் நீ முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அவர் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, கோபத்தோடு மேலதிகாரியிடம் எதுவும் பேசிவிடாதே. நசுருதீனிடம் கறிவடகமும் இஞ்சி முரப்பாவும் கொடுத்திருக்கிறேன், உடனே போய் வாங்கிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தருவானாக. இவ்வளவையும் அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், பேனாவை மூடாதே என்று கையைக் காட்டினார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர்கள் பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம். நடுவில் நான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஜமீலு, வேலைய விட்டுட்டு வந்தா நான் நோயாளி. லீவு போட்டுட்டு வந்தா உன் அத்தா. லீவு போட்டுட்டு வா."

இப்படிக்கு
உன் அம்மா,
நஜ்முன்னிசா