ரஃபியின் கறுப்புத் தூளும் இண்டோல் வளையமும்

என் அன்பு ரஃபி மச்சான்,

நல்ல சேதிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆராய்ச்சிப் பேப்பர் வெளியாகிவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. நீ போய் எட்டு மாதம் கழித்து வந்தாலும், வந்ததே! ஆனால் நடுவில் நான் உன் மானத்தை வாங்கப் பார்த்தேன். அந்தக் கதையையும் கேள்.

நீ செய்த பல்லேடியம் நானோ துகள், அதான் உன் கறுப்புத் தூள், ஒரு சிட்டிகை போட்டால் போதும். நீளமாகக் கிடக்கும் மூலக்கூறு வளைந்து தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இண்டோல் வளையமாகிவிடும் என்று எழுதியிருந்தோம் அல்லவா? எத்தனையோ மருந்துகளுக்கு அந்த வளையம்தான் எலும்புக்கூடு. பேப்பரைச் சரிபார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தூளே போடாமல் செய்து பார்த்தீர்களா?

செய்தேன். வளையம் வந்துவிட்டது மச்சான், தூள் இல்லாமலே!

தாம்பரம் லேபில் அன்றைக்கே போய்ச் சொன்னேன். நம் கைடு சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தூள் இல்லாமலே மூடுதுன்னா, அந்தப் பையன் மூணு வருஷமா என்னய்யா பண்ணிட்டு இருந்தான்? பேப்பரை வாபஸ் வாங்கிடலாம், குமரன்."

எனக்கு உன்மேல் கோபமான கோபம். உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அப்புறம், இப்படி நினைத்துவிட்டோமே என்று என்மேலேயே கோபம்.

இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. குடுவைக்குள் சுற்றிச் சுற்றிக் கலக்குமே காந்தக் குச்சி, உன்னுடையது, வெள்ளை உறை சாம்பல் நிறமாகிப் போன அந்தக் கிழடு! நீ போன பிறகு பாசத்தில் எல்லாவற்றுக்கும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் கீறல்களில் உன் தூள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எவ்வளவு கழுவியும் போகாமல். புதுக் குச்சி போட்டு இரண்டையும் மறுபடி செய்தேன். தூள் இல்லாத குடுவையில் ஒன்றுமே இல்லை. தூள் போட்டதில் வளையம் ஜம்மென்று வந்து நின்றது.

"சரியாத்தான்யா செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் மட்டும் என்ன, பாத்ரூமுக்குப் போய்த்தான் முகம் கழுவினேன்.

நேற்று பேப்பரை அச்செடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளையில் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குத்துவாள் மாதிரி போட்டிருக்கிறார்கள். எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை என்பதற்கான அடையாளம்.

"இது இன்னா தம்பி, இவன் பேருக்கு மட்டும்?"

நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்.

"நல்லா செஞ்சவங்களுக்குப் போடுறதும்மா" என்று புளுகினேன்.

அம்மா என் தலையில் கை வைத்தார். "அல்லா ஒனக்கும் சீக்கிரமா இத்தக் குடுக்கணும், கண்ணு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். பல்லாவரம் வருவதற்குள் அது அழுகையாகிவிட்டது, அது வேறு விஷயம். நீ கேட்டிருந்தால் எப்படி உருண்டிருப்பாய்?

அம்மா எனக்காகக் கேட்ட அந்த துஆவை, அந்த வேண்டுதலை, கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி அங்கே நீதான் சிபாரிசு செய்யவேண்டும். எனக்கு அவசரமில்லை. அம்மா இருக்கும்வரை, பெயருக்குப் பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லாதவனாக, ஞாயிறுதோறும் அவர் முன்னால் போய் நிற்பேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் மகன்,
குமரன்