நீலகிரி ஓணானின் நிறங்கள்

அக்கா,

போன வருஷம் நான் பிரித்துப் பார்க்காமலே ஊட்டிக்கு அனுப்பிவைத்த உன் நோட்டு, போன வாரம் கூரியரில் திரும்பி வந்தது. ஓணான் ஆராய்ச்சியில் உன்னோடு வேலை பார்த்த பெண்தான் அனுப்பியிருந்தாள். போனில் தயங்கித் தயங்கிப் பேசினாள். "மேடம் ஓணான் நிறத்தையெல்லாம் உங்க பட்டறையில சொல்ற பேர்லயே எழுதியிருக்காங்க. பாசிப்பச்சை, கிளிப்பச்சைன்னா எந்த அளவு பச்சைன்னு எங்களுக்குத் தெரியல. அவங்க கட்டுரையை முடிக்கணும்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு படித்தும் நம் பெரிய காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை உன்னை விடவில்லை பார்.

வாயால் சொன்னால் விளங்காது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு சின்னக் கழி பட்டு நூலில் சாயம் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். நான்கு நாள் அதே வேலை. ஒரு கழி தப்பினாலும் உன் ஏழு வருஷ உழைப்பு தப்பிவிடுமே என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

பாசிப்பச்சையில் நூலை முக்கும்போது, உன்னைப் பார்க்க மலைக்கு வந்த அந்த ஒரே தடவை ஞாபகம் வந்தது. விடிந்ததும் குளிரில் என்னை இழுத்துப் போய் ஒரு வேலிச் செடி முன்னால் நிறுத்தினாய். கிளையோடு கிளையாக, கருத்துப்போய் ஒன்று ஒட்டியிருந்தது. "இத்தப் பாக்கவா இம்மாந்தூரம் இட்டாந்த?" என்றேன். "இருமா, வெயில் வரட்டும்" என்றாய். வெயில் ஏற ஏறக் கருமை கலைந்து உடம்பில் பச்சை எழுந்தது. பிடரியில் முள்முள்ளாகச் செதில்கள் தெரிந்தன. குளிர்ந்த உடம்பு வெயிலை வாங்கிக்கொள்ளத்தான் காலையில் கருத்திருக்கும் என்றாய். முட்டையை மண்ணில் புதைத்துவிட்டுத் தாய் போய்விடும், குஞ்சு தானே வெளியே வந்து பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னாய். உச்சிமலைக் குளிரில்தான் அது இருக்கும், நம் ஊர்ப் பக்கம் தேடினாலும் கிடைக்காது.

நீ அதைப் பிடித்து என் கையில் கொடுத்ததும் மறுபடி கருத்தது. அந்த நிறத்தைக் குறிக்க உன் நோட்டை எடுத்தேன். "கையில இருக்கும்போது எழுதக்கூடாதுமா. அது பயந்த கலரு. விட்டுட்டுத் தள்ளி நின்னு பாரு" என்றாய். பிறகு பையிலிருந்து சாயம் ஏற்றாத வெள்ளை நூல் கழி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓணானைப் பார்த்தாய். அது நம் பட்டறைப் பழக்கம். ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த நிறம் கண்ணுக்குச் செத்துவிடும், வெள்ளையைப் பார்த்தால்தான் திரும்பும். நிறம் பார்ப்பதென்றால் காலை வெயிலில் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. பன்னிரண்டு நாள் மாம்பழ மஞ்சளைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. விடியும் முன்னே பட்டறைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. டியூப்லைட் வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பாதியில் வைப்பாய். "ஒழுங்கா துன்னுக்கா" என்று அதட்டினேன். உன் கண்ணில் ஏறியிருந்த மஞ்சள் எனக்குத் தெரியவில்லை. பதிமூன்றாம் நாள் காலையில் நூல் வாங்க வந்தவர்தான் வாசலில் உன்னைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அக்கா கண்ணு இப்டி மஞ்சளா இருக்குது?" என்றார். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

முந்தாநாள் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே ஓணான் இல்லை. அதே கையெழுத்தில், "கண் வெள்ளை: எலுமிச்சை." மறுநாள், "மாம்பழம்." அதன் கீழே, "காமாலையாத்தான் இருக்கும். தங்கச்சி இன்னும் பாக்கல. ஆர்டர் முடியட்டும், சொல்லிக்கலாம்."

உன்மேல் எனக்குக் கோபம் அக்கா. ஓணானைப் பார்த்த மாதிரியே உன்னையும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆர்டராவது மண்ணாவது என்று போட்டுவிட்டு வந்திருப்பேன். என்மேல் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பச்சைக் கழிகளை அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் வேலிச் செடியில் இருந்த ஓணானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம், அச்சு அசல் அதேதான் என்றாள். உன் கட்டுரை வந்துவிடும்.

இப்போதெல்லாம் பட்டறைக்கு யார் வந்தாலும் வெயிலில் நிறுத்திக் கண்ணைப் பார்க்கிறேன். எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். இன்று காலை, நூல் அலசும் செல்வி, "எனுக்கு ஒண்ணும் இல்லக்கா, உட்டுடு" என்று சிரித்தாள். கண் நல்ல வெள்ளை. "சரி, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு காலையாவது உன்னை அப்படி நிறுத்தியிருக்கலாம் அக்கா.