உன் பேரில் நுழைந்தவர்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கீபோர்டுகளைத் தார்ப்பாயில் கொட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். குனிந்தேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாடை. பீர்க்கன்கரணையில் நாம் படித்த இலவசக் கணினி அறையின் வாடை. வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன்.

அங்கே கணினியைத் தொட உறுப்பினர் எண் வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகைக்கு இருப்பவனுக்கு எந்த ஹவுஸ் ஓனர் அதைத் தருகிறார்? அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்தவர்களில் சொந்த வீடு உனக்கு மட்டும்தான். உன் எண்ணைப் போட்டு என்னை உட்காரவைத்தாய்.

"என் பேரு சும்மாத்தான் கீது மச்சான், நீ குந்து."

என்னைப் பார்த்து இன்னொருவன், பிறகு சேலையூரிலிருந்து வரும் இரண்டு அக்காக்கள். எல்லோரும் உன் பேரில்தான் நுழைந்தோம். அறையைப் பார்த்துக்கொண்ட பெரியவர், "இன்னாப்பா, உனக்குப் பத்துத் தலையா?" என்று உன்னைக் கிண்டல் செய்வார்.

ஏரித் தண்ணீர் தெருவுக்குள் புகுந்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் உன் எண்ணைத்தான் போட்டோம். வேறு வழியில்லை. திரை உன் பெயருக்கு வணக்கம் சொல்லும்போது யாரும் யாரையும் பார்க்கமாட்டோம்.

பொங்கல் கழிந்து, அறையை நடத்தியவர்களிடமிருந்து ஒரு மேடம் லேப்டாப்போடு வந்தார். பயன்பாடு குறைவு, மூடப்போகிறோம் என்றார். உன் பெயரைப் படித்து, "இவர் ஒருத்தர்தான் ரெகுலரா வர்றார். கூப்பிடுங்க, வேற சென்டர்ல சேர்த்துவிடுறேன்" என்றார்.

ஒரு அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

"அவன் செத்துட்டான் மேடம்" என்றேன். உன் பேரில் வருவது நாங்கள்தான் என்று சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்கவைத்தேன். அவர் எங்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அப்ப யாருமே வரலைன்னுதான் ஆகுது."

பூட்டிவிட்டார்கள். அக்காக்கள் தேர்வை விட்டுவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போனார்கள். எனக்கு எப்படியோ வேலை கிடைத்தது. அதற்காக நான் அங்கே படித்த நேரமெல்லாம் உன் பேரில்தான் பதிந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் நான் ஒரு நாளும் படித்தவன் இல்லை.

எந்த சென்டரில் படித்தாய் என்று ஆபீஸில் கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்கிறேன். அப்படி ஒரு சென்டர் இருக்கிறதா என்கிறார்கள்.

இருந்தது என்கிறேன்.