அடுப்போரம் ஒரு பிடி மண்

என் கண்ணு துயாராவுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமாக இருக்க வேண்டும், நானும் நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. அன்று போனில், "அப்பாவ ரெண்டு நாள் புதைக்காம எனக்காக வெச்சிருக்கக் கூடாதாம்மா, இந்தக் குளிர்ல கெட்டா போயிடுவாரு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். மைனஸ் அறுபத்து மூன்று டிகிரி, நம் ஊரில் இதுவரை இப்படி இறங்கியதே இல்லையாம். அந்தப் பனிமூட்டத்தில்தான் காணாமல் போன வெள்ளைக் குதிரையைத் தேடி அப்பா ஜீப்பில் போனார். கண்ணாடி இறக்கியிருந்தது, எஞ்சின் அணைத்திருந்தது, குதிரையின் கழுத்துமணிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்கத்தான் அணைத்திருப்பார் என்றார் புரொகோப்பி சித்தப்பா. அணைத்தால் குளிரில் மறுபடி கிளம்பாது என்று, அக்டோபரில் ஓடவிட்ட வண்டியை மார்ச் வரை அணைக்காத மனுஷன், ஒரு நிமிஷம் அணைத்தார், பிறகு அது உயிர் பெறவே இல்லை. குதிரை மறுநாள் தானே வீடு வந்து சேர்ந்தது. தீனி வைக்கிறேன், முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழி வெட்டப் போனால் மண் இரும்பாகக் கிடந்தது. சித்தப்பாவும் நாலு பேரும் நெருப்பு மூட்டி, இளகிய ஒரு சாண் தோண்டி, மறுபடி மூட்டி, மூன்று நாள் பாடுபட்டார்கள். அப்பா அடுக்கி வைத்த விறகெல்லாம் அவருக்கே போயிற்று. பனிமூட்டத்தால் உன் விமானம் அன்றும் வராது என்று சொல்லிவிட்டார்கள். விட்டால் குழி திரும்ப உறைந்துவிடும். சித்தப்பா, "பொண்ணு வரட்டும் அண்ணி, இன்னும் எரிக்கிறோம்" என்றார், அவர் விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன. நான்தான், "போதும், இறக்கிடுங்க" என்றேன். அவர்மேல் கோபப்படாதே, சொன்னவள் நான். இன்னொருத்தர் கையையும் குளிருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. செய்தது சரிதான், ஆனாலும் நீ இல்லாமல் செய்ததை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். உன் பிடியை நான் போடவிடவில்லை, கையுறையில் அள்ளி வந்து அப்பாவின் டீக் குவளையில் அடுப்போரம் வைத்திருக்கிறேன். அடுப்பு தணிந்தால் குவளை மண்ணின் ஓரம் இறுகிவிடுகிறது, அதனால் தணிய விடுவதில்லை. கோபத்தோடே வந்தாலும் சரி, வந்து உன் கையால் போடு.

மூக்கை மூடாமல் வெளியே போகாதே. உன் அப்பாவின் ஆயுளில் மிச்சமிருந்ததும் உனக்கே சேரட்டும்.

மண் உறையாமல் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா அக்குலினா