நம்ம காசுல வாங்குன மோட்டாரு

அக்கா, இன்று காலை கதவைத் திறந்ததும் தார் வாசனை. சாலையை மறுபடி உயர்த்துகிறார்கள். கன்டெய்னர் லாரிகள் குலுங்காமல் போக வேண்டுமாம். நம் வீடுகள் இன்னும் பள்ளத்துக்குப் போகின்றன.

சடையங்குப்பத்தில் நம் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் கேட்டு நீ ஏறாத அலுவலகம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். "நிதி இல்லம்மா" என்றார் ஓர் அதிகாரி. அந்த வருடம்தான் எதிர்ப்புறக் கன்டெய்னர் யார்டு முதலாளிக்குச் சொத்துவரியைக் குறைத்து, அவன் கேட் வரைக்கும் புதுச் சாலையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நீ மேசையில் கையை ஊன்றினாய்.

"சோப்பு வாங்குனா நானும் வரி கட்டிகினுதான் கீறேன் சார். எங்களுக்கு இல்லாத நிதி அவருக்கு மட்டும் எங்கேந்து வந்துது?"

அவர் ஃபைலைப் புரட்டினார்.

அப்புறம் அந்த மழை. உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உனக்கோ வீசிங். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. கதவைக் கழற்றி, உன்னை அதில் கிடத்தி, நானும் உன் தம்பியும் இழுத்து வந்தோம். முனையில் சர்க்கார் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார்டுத் தண்ணீரை உறிஞ்சி நம் தெருவில் கொட்டின. நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய்.

"நம்ம காசுல வாங்குன மோட்டாருடி" என்றாய்.

அதன்பின் நீ பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

போன தேர்தலில் அந்த யார்டு முதலாளி கவுன்சிலருக்கு நின்றான். கைகூப்பிக்கொண்டு நம் பக்கம் வந்தான். நான் அவனுக்கு முன்னால் நடந்தேன். அவன் வருவதற்குள் ஒவ்வொரு வாசலிலும் உனக்கு நடந்ததைச் சொன்னேன். அவனுடைய ஆள் வழிமறித்தான்.

"இன்னாம்மா, பேஜாரு பண்ணிகினு கீறே?"

"நீ நோட்டீஸு குடு. நான் நடந்தத சொல்றேன்."

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அவனுக்கு டெபாசிட் போயிற்று. வாங்கி வைத்த பட்டாசை அவன் மகன் திரும்ப வண்டியில் ஏற்றியதை நின்று பார்த்தேன். வயிறு குளிர்ந்தது அக்கா, ஏன் மறைக்க வேண்டும்?

பிறகொரு நாள் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டான்.

"நான்தான் தோத்துட்டேனே. இன்னும் உனக்கு ஆறலியா?"

"முழு வரியக் கட்டு. எங்களுக்குக் கால்வா வரட்டும். அப்பவும் ஆறாது."

உன் தம்பி விட்டுவிடச் சொல்கிறான். மன்னித்தால் நன்றாகத் தூங்கலாமாம். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். நீ விட்டுப்போன கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தேர்தலில் அந்த முதலாளி தன் மகனை நிறுத்தப் போகிறானாம். நிறுத்தட்டும்.