ஒரே சுவருக்கு மூன்று சொந்தக்காரர்கள்

செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க ஆசைதான், ஆனால் உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. போன வாரம் ஃபோனில் "எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்று அவள் உன்னிடம் அளந்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் எதிரில் பேச முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். அம்மாவை உன்னோடு அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இந்தச் சுவர்.

படுக்கையறையில் தலைமாட்டுச் சுவர் கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஊறிக் கிடக்கிறது. விரலை வைத்தால் பூச்சு கையோடு வருகிறது. கறுப்பாகப் பூசணம் வேறு. அந்த அறையில் இனி ஒரு நாள்கூடப் படுக்கக் கூடாது, இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஹால் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நம் வீடு என்ன அரண்மனையா? கதவைச் சாத்தினாலும் ஈர வாடை ஹாலுக்கு வந்துவிடுகிறது.

குழாய்க்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் நம் சுவருக்குள்தான் இறங்குகிறது, அதில் எங்கோ கசிகிறது, உடைத்துப் பார்த்து மாற்ற அரை நாள் போதும் என்றார். அப்பாடா என்று சங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் வினை காத்திருந்தது.

நம் குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செயலாளரை உனக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரர். கோப்பைத் திறக்காமல் வாயைத் திறக்க மாட்டார். மாடிப்படியில் நாங்கள் அவரை 'இணைப்பு காண்க' என்றுதான் சொல்வோம். அவர் பொறுப்புப் பட்டியலை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயைச் சுற்றியிருக்கும் செங்கல் சங்கத்தின் பொறுப்பு. செங்கல் மேல் பூச்சு நம் பக்கம் இருப்பதால் என் பொறுப்பு. ஒரே சுவருக்கு மூன்று சொந்தக்காரர்கள்!

சரி, மூன்று பேரும் சேர்ந்தே உடைப்போம் என்றேன். முடியாதாம். ஆறாவது விதிப்படி, கசிவு எங்கே என்று உறுதியாகாமல் சங்கத்தின் பகுதியில் யாரும் கை வைக்கக் கூடாதாம். உடைக்காமல் எப்படி உறுதி செய்வது என்றேன். உறுதி செய்யாமல் எப்படி சார் உடைக்கிறது என்றார். பத்து நாளாக இதே பேச்சு. சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

எந்த மடையன் எழுதிய விதி இது என்று நேற்று அலுவலகமே அதிரக் கத்திவிட்டேன். அவர் கோப்பைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அடியில் என் கையெழுத்து, தேதியோடு.

நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு போட்டவன் நான். சங்கச் செயலாளராக இருந்த நாலு வருடத்தில் இங்கேயும் கோடு போட்டுப் பிரித்தேன். எனக்கு அதில் பெருமைதான், இப்போது மறைத்து என்ன. ஆனால் ஆறாவது விதியை எதற்காகப் போட்டேன் என்பது நினைவுக்கு வரவே இல்லை. அம்மாவுக்கு உடனே வந்தது. மேல் வீட்டுத் தையல்காரம்மாவுக்காகத்தானே என்றாள்.

ஒன்பது வருடம் முன்பு மொட்டைமாடி ஒழுகி அவர் வீட்டுக் கூரை ஊறியது. சங்கத்தில் வந்து கேட்டார். ஈரம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, உங்கள் பொறுப்பு என்று அனுப்பிவிட்டேன். அவரே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். மாடி சங்கத்துடையது, கை வைக்கக் கூடாது என்று படியிலேயே மறித்தேன். இனி யாரும் அப்படி ஏறக் கூடாது என்றுதான் ஆறாவது விதி. மூன்று மழைக்காலம் அவர் மெஷினைச் சமையலறையில் வைத்துத் தைத்தார். நம் சமையலறைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்கும். ஏன் இடம் மாறியது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதில் விதியை மாற்றினால் திங்கட்கிழமையே சுவரை உடைக்கலாம் என்று செயலாளரே சொல்லிவிட்டார். இருபத்துநாலு வீட்டில் பதினாறு வீடு சம்மதிக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினேன். கீழ் வீட்டு டியூஷன் டீச்சர், உங்க சுவர் நனைஞ்சதும்தான் விதி தப்புன்னு தெரியுதா சார் என்று கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது. என்னையும் சேர்த்து ஐந்து பேர் தேறினோம்.

தையல்காரம்மா சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று மேலே போனேன். துணி வெட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார். குழாய் தன்னுடையதுதான், மாற்றத் தயார் என்றார். பிறகு, கூட்டத்துல முதல்ல நீங்க எழுந்து எனக்கு என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அதுக்கப்புறம் நான் பேசறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடம்பு சரியில்லாதவளைக் காட்டி இப்படிப் பேரம் பேசலாமா என்று கீழே வந்து குதித்தேன். அம்மா இருமி முடித்துவிட்டு, பத்து நாள் அலைஞ்சதுக்கே உங்களுக்கு இவ்வளவு வருதே, அவங்க மூணு வருஷம் அலைஞ்சாங்க என்றாள்.

கூட்டத்தில் பேச வேண்டியதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி ஆரம்பித்தாலும் 'விதிகளின்படி' என்றுதான் பேனா போகிறது. நான் செய்தது அநியாயம். இந்த மூன்று சொல்லை எழுத மூன்று நாள் ஆயிற்று. இருபத்துநாலு குடும்பத்துக்கு முன்னால் சொல்ல நாக்கு எழுமா தெரியவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் வீட்டில் ஒருவருக்குத்தான் இடம் என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தாய். அதற்காக நீ வருத்தப்படாதே. அவளுக்கு மூச்சு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நாற்பத்தொரு வருடத்தில் அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு வாரம் இருந்ததில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. நான் தடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக எழுந்துவிடுவேன். முடிந்ததும் நானே ஃபோன் செய்கிறேன். அதுவரை அம்மாவுக்கு டிக்கெட் மட்டும் போட்டுவிடாதே கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா