அத்தானின் கேம் பெட்டியும் அக்காவின் அட்சதையும்

ஆவணி, ஞாயிறு இரவு

இனி வீட்டுக்குப் படம், பாட்டு, செய்தி எல்லாம் டிவியில் பூட்டி விளையாடும் இந்தக் கேம் பெட்டிதான் என்று அத்தான் மாதக்கணக்கில் பிரசங்கம் செய்கிறார். கேபிள் இணைப்பையும் வெட்டிவிட்டார். இன்று அவர்களுடைய மகளுக்குக் கனடாவில் கல்யாணம். அத்தானுக்கும் அக்காவுக்கும் விசா கிடைக்கவில்லை; பெட்டி வழியாக நேரலையில் பார்ப்பதாக ஏற்பாடு. வெள்ளவத்தை வீட்டு ஹோலில், அக்கா பட்டுச் சேலையுடுத்து, கையில் அட்சதையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ர போனில பாப்பமே?" என்றேன்.

"கல்யாணத்தை ஆரும் போனில பாப்பினமோ? பேசாம இரும் மச்சான்," என்றார் அத்தான்.

முகூர்த்த நேரத்தில் பெட்டி தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கியது. திரையில் ஒரு நீலக் கோடு ஊர்ந்தது. அத்தான் அதைத் தேர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இப்ப முடிஞ்சிடும்."

"அதுக்குள்ள தாலி ஏறீடுமப்பா," என்றாள் அக்கா.

ஏறிவிட்டது. கடைசியில் என் போனை அந்தப் பெட்டியில் சாய்த்து வைத்தேன். போனைத் தாங்க அது நன்றாகவே உதவியது. மணமக்கள் சபையை வணங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அட்சதையை அவர்கள் மேல் எறிந்தாள். பாதி அரிசி பெட்டியின் காற்றுத் துவாரங்களுக்குள் விழுந்தது.

அத்தான் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.